வோட்டுப் போட எண்ணூற்று எண்பது கிலோமீட்டர்

சிட்னியிலிருந்து மெல்பர்னுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். எனக்கு ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம் ஆனது. முழுசாகப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் கவலைப்பட வேண்டாம். ஆனால் வண்டியை ஓட்டி வந்தவருக்கு முழுசாகப் போய்ச் சேருவது மட்டும் போதாது. மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். சிட்னியில், டூங்கபியில் இருக்கும் தம்பி வீட்டுக்கு இரண்டு மாத விசாவில் வந்திருந்தேன். மெல்பர்னில் தமிழ் வாசகர்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறார்கள். 'வோட்டு' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பேசச் சொல்லி அழைத்திருந்தார்கள். முந்தைய நாள் சனிக்கிழமை இங்கே நாடு முழுக்கத் தேர்தல் என்பதால் அந்தத் தலைப்பு. விமானச் சீட்டு முந்நூற்று நாற்பது டாலர் காட்டியது. "அடப் போங்கடா" என்று கைப்பேசியை மூடி வைத்தேன். அப்போதுதான் தம்பி மனைவி சொன்னாள், "நம்ம பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டாரே சிவநேசன், அவர் சனிக்கிழமை காலையில வேன்ல மெல்பர்ன் போறார் அண்ணி. கேட்டுப் பாக்கட்டா?"

சிவநேசனுக்கு நாற்பத்தாறு வயது. முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். படகில் வந்தவர். வீடு மெல்பர்னில், நோபல் பார்க்கில். ஆறு வாரமாக சிட்னியில் டைல்ஸ் பதிக்கும் வேலை, வெள்ளிக்கிழமை மாலைதான் முடிந்தது. எட்டு மாதத்துக்கு முன்பு ஆஸ்திரேலியக் குடியுரிமை கிடைத்திருந்தது. இதுவரை எந்த நாட்டிலும், எந்தத் தேர்தலிலும் அவர் வாக்களித்ததில்லை.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வேன் வாசலில் நின்றது. ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம், அதற்கு முன்பே கிளம்பிவிட்டோம் என்று தம்பி மனைவிக்கு ஒரு திருப்தி. இட்லிப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். வேனின் பின்பக்கம் பூராவும் ஒட்டுப்பசை மூட்டைகள், வாளிகள், டைல்ஸ் வெட்டும் இயந்திரம். சிமெண்ட் வாசனையோடு பயணம் தொடங்கியது.

"ஆறு மணிக்கு வோட்டுச் சாவடியைப் பூட்டிப் போடுவினம் அக்கா," என்றார் சிவநேசன், பெல்ட்டை மாட்டிக்கொண்டே. "அதுக்குள்ளை நான் நோபல் பார்க்கிலை நிக்கோணும். வசந்தி பள்ளிக்கூட வாசல்லை எனக்காகப் பாத்துக்கொண்டு நிப்பா."

வசந்தி அவர் மனைவி. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார்.

"போடலைன்னா இருபது டாலர் அபராதம்னுதானே சொல்றாங்க?" என்றேன்.

"காசுக்கோ அக்கா நான் ஓடுறன்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

ஏழே கால் மணிக்கு கோல்பர்ன் ஊர். ஊர் முகப்பில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு சிமெண்ட் செம்மறியாடு நிற்கிறது. ஆட்டைப் பார்த்தபடி வேனிலேயே இட்லி தின்றோம். பேச்சு மறுநாள் உரையின் பக்கம் திரும்பியது. சொல்லிப் பழக எனக்கும் ஒரு காது வேண்டியிருந்தது.

வோட்டு என்பது லத்தீனில் 'வோட்டும்' என்ற சொல்லிலிருந்து வந்தது. தேர்தலுக்கும் அதற்கும் ஆதியில் சம்பந்தமே இல்லை. ரோமாபுரிக்காரன் தெய்வத்தின் முன்னால் நின்று, இந்தப் போரில் ஜெயித்தால் உனக்கு இன்னது செய்கிறேன் என்று சொல்வான். அந்த வேண்டுதலுக்குத்தான் அந்தப் பெயர். ஆங்கிலத்தில் நேர்ந்துகொள்வதைக் குறிக்கும் 'வௌ' என்ற சொல்லும் அதே வயிற்றுப் பிள்ளைதான்.

"அப்ப வோட்டெண்டா நேர்த்தியோ?" என்றார் சிவநேசன்.

"மூலத்துல அதுதான் தம்பி."

"நேர்த்தி வைக்கிறது நாங்கள். அப்ப சாமி ஆர்? பாராளுமன்றத்திலை இருக்கிறவையோ?"

"அதை நாளைக்குப் பேசப்போறேன். இப்பவே சொல்லிட்டா அங்க யாரு கேப்பா?" என்று தப்பித்தேன்.

கன்டகாய் என்ற சிற்றூரில் காப்பிக்கு நின்றபோது மணி ஒன்பதரை தாண்டியிருந்தது. சிட்னியிலிருந்து முந்நூற்று எழுபது கிலோமீட்டர் வந்திருந்தோம். காப்பி ஐந்தரை டாலர். நம்மூர் டிகிரி காப்பியை நினைத்துக்கொண்டே குடித்தேன், அந்த நினைப்பு இல்லாவிட்டால் இறங்கியிருக்காது. கடைக்காரர் கிரேக்கர், எழுபத்தைந்து வயதிருக்கும், பெயர் யோர்கோ. கல்லாவில் கூட்டமில்லை. நான் சும்மா இருப்பேனா? உங்கள் மொழியில் வோட்டுக்கு என்ன சொல் என்று கேட்டேன்.

"ப்ஸிஃபோஸ்," என்றார். "கூழாங்கல் என்று அர்த்தம்."

பழைய கிரேக்கர்கள் கூழாங்கல்லைப் பானைக்குள் போட்டு முடிவெடுத்தார்கள். பானை போய்ப் பெட்டி வந்து, கல் போய்க் காகிதம் வந்தும், பெயர் மட்டும் கல்லாகவே நின்றுவிட்டது. யோர்கோ கல்லாவை விட்டு வெளியே வந்து வாசல் தரையைக் காட்டினார். சின்னச் சின்னக் கல் துண்டுகளைப் பதித்து ஒரு மீன் செய்திருந்தார்கள். இந்தத் துண்டுக்கும் எங்கள் மொழியில் அதே வேரிலிருந்துதான் பெயர், ப்ஸிஃபீதா, சின்னக் கல் என்றார்.

நான் சொன்ன லத்தீனுக்கெல்லாம் அசையாத சிவநேசன் இதற்குக் குந்தி உட்கார்ந்துவிட்டார். மீனின் வாலைத் தடவிப் பார்த்தார். "நல்ல வேலை அக்கா. இடையிலை பூசினதுதான் உதிர்ந்து போச்சு. அரை நாள் வேலை." பிறகு அண்ணாந்து யோர்கோவைப் பார்த்து ஆங்கிலத்தில், "இதைத்தான் செய்ய நானும் போறன். மெல்பர்னுக்கு. கல்லுப் போட," என்றார்.

யோர்கோ விழித்தார். "வோட்டுப் போடவா இவ்வளவு தூரம்? சிட்னியிலேயே போட்டிருக்கலாமே. வேறு மாநிலத்துக்காரர்களுக்கென்றே அங்கே சாவடிகள் உண்டு."

எனக்குக் காப்பி புரைக்கேறியது. கைப்பேசியில் தேடினேன். உண்மைதான். தம்பி வீட்டிலிருந்து ரயிலில் போயிருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்திருக்கும்.

என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. முப்பது வருஷம் தேர்தல் முறைகளைப் பாடமாக நடத்தியவள், இந்த ஊர்ச் சட்டத்தை ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா? ஆனால் தோன்றவே இல்லை. தேர்தல் என்றால் ஊருக்குப் போக வேண்டும். முந்தின இரவு கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் சென்னைக் கூட்டம் முழுக்க மூட்டை முடிச்சோடு நிற்கும். இடம் கிடைக்காமல் ஏணியில் தொத்திக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பெயர் இருக்கிற இடத்தில்தான் வாக்கு. இது எங்கள் இருவர் ரத்தத்திலும் ஊறிப்போன விஷயம். அவர் சொன்னார், நான் நம்பினேன். வேறு வழி இருக்கும் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை.

"ஏன் தம்பி, யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன் வேனில் ஏறியதும்.

"வசந்தி தபாலிலை போடச் சொன்னவ. வோட்டை ஆரும் தபாலிலை போடுவினமோ?" என்றார். "பரவாயில்லை அக்கா. எப்பிடியும் வீட்டுக்குத்தானே போறன். நீங்களும் போகத்தானே வேணும்."

அதுவும் சரிதான். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அடுத்த நூற்றிருபது கிலோமீட்டரில் ஹோல்புரூக். கடல் ஒரு பக்கமும் இல்லை, ஆனாலும் ஊர் நடுவில் புல்தரையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கிடக்கிறது. முன்பு இந்த ஊருக்கு ஜெர்மானியர்களின் பெயர் இருந்ததாம், முதல் உலகப் போரில் மாற்றிவிட்டார்கள். அதைச் சாக்காக வைத்து ஜெர்மன் மொழிக்குப் போனேன். ஜெர்மானியர்கள் வோட்டை 'ஷ்டிம்ம' என்கிறார்கள், அதாவது குரல். பிரெஞ்சில் 'வுவா', அதுவும் குரல். ரஷ்ய மொழியில் 'கோலஸ்', அதுவும் குரல்தான். ஜெர்மன்காரன் வாக்களிக்கப் போனால் 'குரலைக் கொடுத்துவிட்டு வந்தேன்' என்பான்.

"குரலைக் குடுத்துட்டு வந்தா பிறகு அஞ்சு வருசம் என்னண்டு கதைக்கிறது?" என்று கேட்டார் சிவநேசன்.

"இங்க மூணு வருஷம்தான் தம்பி."

"அப்ப தாங்கலாம்."

தமிழில் நாம் வாக்கு என்கிறோம். சொல் என்றும் பொருள், கொடுத்த உறுதி என்றும் பொருள். ஐரோப்பாவில் பாதிப்பேர் குரல் என்றும் பாதிப்பேர் நேர்த்தி என்றும் சொல்ல, நாம் ஒரே சொல்லில் இரண்டையும் போட்டு வைத்திருக்கிறோம் என்று நாளைக்குச் சொல்ல வேண்டும் என்றேன். சிவநேசன் தலையாட்டினார். அவர் கண் கடிகாரத்தில் இருந்தது.

நண்பகலில் மர்ரே ஆற்றைத் தாண்டினோம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் விக்டோரியா மாநிலம், அவருடைய மாநிலம். இனி எந்தச் சாவடியிலும் போடலாம். வொடோங்காவில் ஒரு பள்ளிக்கூட வேலியில் வேட்பாளர் படங்கள் வரிசையாகத் தொங்கின. "இங்கேயே போட்டுடுங்களேன்," என்றேன். "நேரம் கிடக்கு அக்கா," என்றார். மூன்றரை மணி நேர ஓட்டம்தான் பாக்கி. நானும் வற்புறுத்தவில்லை.

ஒரு மணிக்குச் சற்று முன்னால், கிளென்ரோவன் அருகே, பின் சக்கரம் வெடித்தது.

வண்டியை ஓரங்கட்டினார். நல்ல வேளை, யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அரை டன் மூட்டையோடு வேனை ஜாக்கியில் தூக்க முடியாது. அவர் மூட்டை மூட்டையாக இறக்கிப் புல்லில் அடுக்கினார். நான் வாளிகளை இறக்கினேன். எல்லாம் இறக்கி, மாற்றுச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. சிவநேசன் அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு உதவி வண்டிக்குப் போன் செய்தார். ஒன்றரை மணி நேரம் ஆகும், கூடவும் ஆகலாம் என்றார்கள்.

கொஞ்ச தூரத்தில் தோட்டத்து வாசலில் ஓர் அம்மாள் ஆப்பிளும் செஸ்நட் கொட்டையும் விற்றுக்கொண்டிருந்தார். ரோசா என்று பெயர், பத்தொன்பது வயதில் இத்தாலியிலிருந்து வந்தவர். எங்களைப் பார்த்து இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். ஒரு பை ஆப்பிள் ஐந்து டாலர். வாங்கினேன், கூடவே என் கேள்வியையும் கேட்டேன்.

"வோத்தோ!" என்றார் ரோசா. "தேர்தலுக்கும் அதுதான், கோயிலில் நேர்வதற்கும் அதுதான். பள்ளிக்கூடத்தில் வாங்குகிற மார்க்குக்கும் அதுதான். பிள்ளை வீட்டுக்கு வந்ததும், எத்தனை வோத்தோ வாங்கினாய் என்று கேட்போம்."

கால் குணமானால் வெள்ளியில் ஒரு கால் செய்து அவர் ஊர்க் கோயிலில் மாட்டுவார்களாம். வேளாங்கண்ணியில் இதே வெள்ளிக் கால், வெள்ளிக் கண் எல்லாம் விற்பதைச் சொன்னேன். தங்கள் பக்கத்து மடு மாதாவுக்கும் வைப்பார்கள் என்றார் சிவநேசன். "அப்படியானால் நீ ஒரு வெள்ளி டயர் நேர்ந்துகொள்," என்று ரோசா சொன்னதும் அந்த மனுஷன் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

விஷயத்தைக் கேட்டதும் ரோசா கையை நீட்டிச் சாலையைக் காட்டினார். "பத்து நிமிஷ நடையில் சாவடி இருக்கிறது. போய்ப் போட்டுவிட்டு வா. மூட்டையை நான் பார்த்துக்கொள்கிறேன்."

நானும் சேர்ந்து வற்புறுத்தினேன். சிவநேசன் வசந்தியைப் போனில் அழைத்தார், அவரும் திட்டினார். எனக்கே கேட்டது: "உங்களுக்கு என்ன விசரோ? அங்கையே போட்டுட்டு ஆறுதலா வாங்கோ."

விசர் என்றால் அவர்கள் ஊரில் பைத்தியம். சிவநேசன் போனை வைத்தார். ஆப்பிளைக் கடிக்காமல் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அக்கா, நான் கொழும்பிலை கடையிலை நிண்டனான். தேர்தல் வந்தா கூட நிண்ட பொடியள் எல்லாம் ஊருக்குப் போவாங்கள். நான்தான் பஸ் ஏத்தி விடுறது. எங்கட பக்கம் சண்டை, பாதை பூட்டு. பிறகு காம்ப். பிறகு இஞ்சை வந்து, விசா, விசா, விசா. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆக்கள் போறதைப் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். இப்ப எனக்கு எண்டு ஒரு விலாசம் கிடக்கு. அங்கை போய்ப் போட வேணும் எண்டு ஒரு ஆசை. விசர்தான். விளங்குது."

வொடோங்காவில் இறங்காததன் காரணமும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. ஆசைக்காக இங்கே போடாமல் விட்டு, அங்கேயும் கதவடைத்துவிட்டால், இந்த ஆள் மூன்று வருஷத்துக்குத் தூங்க மாட்டார்.

"சரி," என்றேன். "ஒரு கண்டிஷன். மெல்பர்னுக்கு முன்னாடி வர்ற சீமோர்ல நிறுத்திப் பார்ப்போம். போய்ச் சேர அஞ்சே முக்காலுக்கு மேல ஆகும்னு கைப்பேசி வழிகாட்டி காட்டினா, அங்கேயே இறங்கிப் போடணும். மறு பேச்சு கூடாது."

"ஓம் அக்கா."

"சத்தியமா?"

"மடு மாதா மேலை சத்தியம்."

உதவி வண்டி மூன்று மணிக்குத்தான் வந்தது. இளைஞன், கைவேகம். நாங்கள் மூட்டைகளை ஏற்றினோம். ரோசா எண்பது வயதில் ஒரு வாளியைத் தூக்கி வந்து கொடுத்தார். கிளம்பும்போது மணி மூன்றேகால். சட்டம் அனுமதித்த நூற்றுப்பத்து கிலோமீட்டரில் வேக முள் அசையாமல் நின்றது. ஆப்பிள் பை என் மடியில் அப்படியே கிடந்தது. ஐரோப்பிய மொழி ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

சீமோர் வந்தது. வழிகாட்டி ஐந்து முப்பத்தெட்டு என்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். "ஓடுங்க," என்றேன்.

மெல்பர்னுக்குள் நுழைந்ததும் நெரிசல். ஐந்து நாற்பத்தைந்து என்றது, பிறகு நாற்பத்தொன்பது, பிறகு ஐம்பத்துமூன்று. நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் சாலையில் சிவப்பு விளக்கு விழுந்தபோது, "அட கடவுளே, இப்பவா!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். சிவநேசன் எனக்குத் தண்ணீர் போத்தலை எடுத்து நீட்டினார். ஓட்டுகிறவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைமை.

நோபல் பார்க் பள்ளிக்கூட வாசலில் வசந்தி நின்றார். ஒரு மணி நேரமாக வரிசையில் நிற்கிறார். தன் முறை நெருங்கும்போதெல்லாம் பின்னால் நிற்பவர்களை "நீங்கள் போங்கோ, நீங்கள் போங்கோ" என்று முன்னே விட்டுவிட்டு, திரும்பக் கடைசிக்குப் போயிருக்கிறார். எல்லாக் கட்சிக்காரர்களும் நீட்டிய பிரசாரக் காகிதங்களை வாங்கிக் கைநிறைய வைத்திருந்தார். ஒருவருடையதை வாங்கி இன்னொருவருடையதை வாங்காவிட்டால் மரியாதையில்லையாம். நாங்கள் இறங்கும்போது மணி ஐந்து ஐம்பத்தைந்து.

"முகத்தைக் கழுவுங்கோ," என்று சொல்லி, தன் போத்தல் தண்ணீரை அவர் கையில் ஊற்றினார். சட்டையெல்லாம் சிமெண்ட் தூள். அதைத் தட்டிவிட நேரமில்லை. உள்ளே போனார்கள். நான் கதவருகே நின்று பார்த்தேன். தடுக்க யாருமில்லை. நம்மூரில் வாக்காளர் அல்லாதவள் சாவடி வாசலில் நின்றால் போலீஸ்காரர் விட்டிருப்பாரா?

மேசையில் இருந்த பெண் வழக்கமான மூன்று கேள்விகளைக் கேட்டாள். முழுப் பெயர் என்ன? அவர் எழுத்துக்கூட்டிச் சொன்னார். எங்கே வசிக்கிறீர்கள்? கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் எண் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். இந்தத் தேர்தலில் இதற்கு முன் வாக்களித்திருக்கிறீர்களா?

"இல்லை," என்றார் சிவநேசன் ஆங்கிலத்தில். "இந்தத் தேர்தலில் இல்லை. எந்தத் தேர்தலிலும் இல்லை."

அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். பெயரின் மேல் கோடு போட்டுவிட்டு, கீழவைக்கான பச்சைத் தாளையும் மேலவைக்கான நீளமான வெள்ளைத் தாளையும் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். வசந்தியும் வாங்கிக்கொண்டார்.

ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார்கள். வசந்தியும் முடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் சிவநேசன் மட்டும் பென்சிலோடு நின்றார். இங்கே வேட்பாளர்களுக்கு விருப்ப வரிசைப்படி எண் போட வேண்டும். ஒவ்வொரு கட்டமாக எண் எழுதினார், நிறுத்தினார், மறுபடி படித்தார். வேலை முடிந்த ஊழியர்கள் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் அவரை நோக்கி ஓரடி வைத்தார். மேசைப் பெண் அவரைக் கையால் தடுத்து, "விடுங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்," என்றாள். மடக்கிய நாற்காலியைக் கையில் பிடித்தபடி அந்த ஆள் அப்படியே நின்றார். எத்தனையோ வரிசைகளில், எத்தனையோ அலுவலகங்களில் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கேட்டுக் கேட்டு வந்திருக்கும் மனிதருக்காக அந்தக் கூடம் முழுவதும் காத்திருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் தாள்களை மடித்தார். பச்சையை ஒரு பெட்டியிலும் வெள்ளையை இன்னொன்றிலும் போட்டார். உள்ளே விழுந்துவிட்டதா என்று குனிந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு எங்களிடம் வந்தார்.

"வாங்கோ அக்கா," என்றார். "வீட்டை போவம்."